பள்ளி வயது வரும்வரை காத்திருக்க வேண்டாம்: கடுமையான ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்குத் தொடக்கக்கால உதவி



முதலாம் ஆண்டு சேர்க்கையின்போது நம் தமிழ்ப்பள்ளிகளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த பிறகு ஓர் அம்மா தயங்கி நிற்பார். "டீச்சர், பையன் இன்னும் பேசல. கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஸ்கூலுக்கு வந்தா சரியாயிடும்னு சொன்னாங்க." பிள்ளைக்கு அப்போதே ஆறு வயதை ஒட்டியிருக்கும். ஒன்றரை வயதில் தெரிந்த அறிகுறிக்கு நான்கரை ஆண்டுகள் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த நான்கரை ஆண்டுகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. கடுமையான ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்கு அந்தக் காலத்தில் என்ன செய்யலாம், யார் செய்யலாம், மலாக்காவில் எங்கே போகலாம், ஆசிரியராகிய நாம் எங்கே உள்ளே வருகிறோம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கடுமையான' என்றால் என்ன?

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர், 11 பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். இன்று அதே சொல்லுக்குள் பல்கலைக்கழகம் போகிறவரும் இருக்கிறார், கழிவறைக்குப் போகவே துணை தேவைப்படுகிறவரும் இருக்கிறார். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, தேவைப்படும் ஆதரவைப் பொறுத்து மூன்று நிலைகளாகப் பிரித்தது. மிக அதிக ஆதரவு தேவைப்படும் மூன்றாவது நிலையைத்தான் பொதுப்பேச்சில் 'கடுமையான ஆட்டிசம்' என்கிறோம்.

இந்தப் பிள்ளையை நாம் பார்த்திருப்போம். வாயில் சொல் இல்லை, அல்லது ஒன்றிரண்டு சொற்கள்தான். பிஸ்கட் வேண்டுமென்றால் டின்னைக் காட்டாது. உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டின்மேல் வைக்கும். ஒரே வகைச் சோறுதான் சாப்பிடும். தலையைச் சுவரில் மோதும். இரவெல்லாம் தூங்காது. கதவு திறந்திருந்தால் ஓடிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் கடுமையாகத் தெரிவது முடிவான தீர்ப்பு அல்ல. 2021-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, வாழ்நாள் முழுதும் நெருக்கமான துணை தேவைப்படுவோரைக் குறிக்க 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற பெயரை முன்வைத்தது. ஆனால், அந்தப் பெயரை 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு முன் பிள்ளை எந்தப் பக்கம் வளரும் என்று கணிக்க முடியாது. 2013-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நான்கு வயதில் சொற்றொடர் பேசாத 535 பிள்ளைகளின் பின்னாளைய வளர்ச்சியை ஆராய்ந்தது. எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது 70 விழுக்காட்டினர் சொற்றொடர் அளவுக்காவது பேசினார்கள். அவர்களையும் சேர்த்து மொத்தத்தில் 47 விழுக்காட்டினர் சரளமாகப் பேசினார்கள். எல்லாரும் பேசவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் பயன்படும் வழியை முதலில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எப்போது தெரியும்?

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை. ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டாமை. நாம் காட்டும் பக்கம் பார்க்காமை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமை. வந்த சொற்கள் மறைந்துபோவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் கிளினிக் கெசிஹாத்தானில் ஒன்றரை வயதுப் பரிசோதனையின்போது 'எம்-சாட்' என்ற கேள்விப் பட்டியலைப் பெற்றோரிடம் நிரப்பக் கேட்கிறார்கள். 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லும் எளிய கேள்விகள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டுவிட்டு வந்துவிட்டால் அந்தத் தாளால் பயன் இல்லை. பெற்றோருக்குக் கேள்வி புரியவில்லை என்றால் தமிழில் விளக்கிச் சொல்வது நாம் செய்யக்கூடிய முதல் உதவி.

முன்பு தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. பால்மரம் வெட்டப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆயாவுக்கு, ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி இருப்பது சீக்கிரம் தெரிந்துவிடும். இன்று குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டன. பிள்ளை பாட்டியோடு வீட்டுக்குள் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. அந்த இடத்தில் இப்போது இருப்பது பாலர்பள்ளி ஆசிரியரும், அண்ணன் அக்காவுக்குப் பாடம் சொல்லும் நீங்களும்தான்.

தெரபி அறை தூரம், வீடு பக்கம்

'தொடக்கக்கால உதவி' என்றவுடன் விலையுயர்ந்த தெரபி மையம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. 1987-இல் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் ஒருவருக்கு ஒருவர் பயிற்சி கொடுத்தார்கள். 9 பேர் சாதாரண வகுப்புக்குப் போகும் அளவுக்கு முன்னேறினார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. அதில் தண்டிக்கும் முறையும் இருந்தது. பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை என்ற குறையும் உண்டு. ஆனாலும் '40 மணி நேரம்' என்ற எண் பெற்றோர் மனதில் ஒட்டிக்கொண்டது. தெபோங்கிலோ ஆசாஹானிலோ இருக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத எண். எட்டாதது என்று தெரிந்ததும் பலர் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு வந்த ஆய்வுகள் வேறு ஒரு கதவைத் திறந்தன. இங்கிலாந்தில் 2010-இல் வெளியான 'பேக்ட்' ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட 152 பிள்ளைகள் பங்கேற்றார்கள். அங்கே தெரபிஸ்ட் பயிற்சி கொடுத்தது பெற்றோருக்கு. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் எடுத்து, அதையே போட்டுக் காட்டி, "இங்கே பாருங்க, உங்களைப் பார்த்தான், நீங்க கவனிக்கல" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் தினமும் அரை மணி நேரம் செய்யச் சொன்னார்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடுமையான அறிகுறிகள் இருந்தவர்கள் இந்தக் குழுவில் 46 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 63 விழுக்காடு. இது குணப்படுத்துவது ஆகாது. பிள்ளையின் பதற்றம் போன்றவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், சின்ன வயதில் கொடுத்த உதவி ஆண்டுகள் கழித்தும் நின்றது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2016-இல் வெளியான ஆய்வு. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகள். இதே முறையை அந்த ஊருக்கேற்ப மாற்றி, சிறப்பு நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளைக்குப் பதில் தரும் விதம் மாறியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது.

தமிழ்நாட்டில் தென்காசி அருகே ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கமும் இதே வழியில் போகிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமைப்பு அது. கிராமத்துப் பெண்களைச் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நிபுணர் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு. பிடிகே எனப்படும் சமுதாய மறுவாழ்வுத் திட்டம் 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி, நாடு முழுதும் பரவியது. சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் இதன் மையங்கள் மலாக்காவிலும் உண்டு. நம் மக்களில் பலர் 'அது பெரிய பிள்ளைகளுக்கு' என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதில்லை. போய்க் கேட்க வேண்டும்.

வீட்டில் இன்றே தொடங்கக்கூடியவை

பெற்றோர் வந்து கேட்டால், கீழே உள்ளவற்றைச் சொல்லிக் கொடுங்கள். நியமனத் தேதி வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

1. பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போங்கள். அது கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். எதிரே தரையில் உட்கார்ந்து நீங்களும் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். "சுத்துது, சுத்துது" என்று ஒரே சொல் போதும். பிறகு நிறுத்திக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், ஒரு கை அசைவு எது வந்தாலும் அதுதான் பேச்சு. உடனே மறுபடி சுற்றுங்கள்.

2. எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடாதீர்கள். பிடித்த பிஸ்கட்டை மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தால் அது ஒரு கோரிக்கை. அரைக் கப் மைலோ ஊற்றிவிட்டு நிறுத்தினால் இன்னொரு கோரிக்கைக்கு வாய்ப்பு.

3. படம் கொடுத்துப் பொருள் வாங்கக் கற்றுக்கொடுங்கள். ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் 1985-இல் அமெரிக்காவில் உருவாக்கிய முறை இது. முதல் படிக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே பிஸ்கட்டைக் காட்டி உட்காருவார். மற்றவர் பின்னால் இருந்து, பிள்ளை கையை நீட்டும்போது அந்தக் கையை மெல்ல நடத்திப் படத்தை எடுத்து எதிரே இருப்பவர் உள்ளங்கையில் வைக்கச் செய்வார். வைத்த அந்த நொடியே "பிஸ்கட்!" என்று சொல்லிப் பிஸ்கட்டைக் கொடுக்க வேண்டும். "என்ன வேணும்? சொல்லு" என்று கேட்கக் கூடாது. பின்னால் இருப்பவர் வாயே திறக்கக் கூடாது. அவருடைய உதவியை நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை அச்செடுத்து லேமினேட் செய்தால் போதும். பள்ளியில் அந்த மெஷின் இருக்கிறது. நாமே செய்து கொடுக்கலாம்.

"படம் கொடுத்தா அப்புறம் பேசவே மாட்டானே?" என்று பெற்றோர் பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. படமோ சைகையோ பேச்சைத் தடுப்பதில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவும் செய்கிறது. பேச்சு வராத பிள்ளைக்கோ அதுவே குரல்.

4. அன்றாட வேலைகளையே பாடமாக்குங்கள். குளிப்பது, சட்டை மாட்டுவது, தட்டைக் கழுவுமிடத்தில் வைப்பது எல்லாவற்றையும் சிறு படிகளாகப் பிரியுங்கள். கடைசிப் படியை மட்டும் முதலில் பிள்ளையைச் செய்ய விடுங்கள். காற்சட்டையை இடுப்புவரை நீங்கள் ஏற்றி, கடைசி இழுப்பைப் பிள்ளை இழுக்கட்டும். 'நானே முடித்தேன்' என்ற உணர்வோடு ஒவ்வொரு முறையும் முடியும்.

எந்த மொழியில் பேசுவது?

தமிழாசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய கேள்வி இது. "வீட்டுல தமிழை விட்டுடுங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழின்னா குழம்பிடும்" என்று நம் பெற்றோருக்குப் பலர் ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு, ஆங்கிலம் சரளமாக வராத அம்மா "கம், சிட், ஈட்" என்ற மூன்று சொல்லில் பிள்ளையோடு வாழ்கிறார். பாட்டி வாயை மூடிக்கொள்கிறார்.

இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளை ஒரு மொழிச் சூழலில் வளர்வோரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. மேலே சொன்ன பயிற்சிகள் எல்லாமே பெற்றோர் இயல்பாக, உணர்ச்சியோடு, உடனுக்குடன் பதில் சொல்வதை நம்பியிருக்கின்றன. அது அவரவர் தாய்மொழியில்தான் வரும். ஆகவே பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: "தமிழ்லயே பேசுங்கம்மா. சின்னச் சின்ன வாக்கியமா பேசுங்க." படத்தின் கீழே தமிழில் எழுதிக் கொடுங்கள். பின்னர் சேரும் சிறப்புக் கல்வி வகுப்பில் மலாய் பயன்பட்டால், அதே படங்களை அங்கேயும் கொடுத்துவிடுங்கள். மொழி மாறினாலும் படம் மாறாது.

அடித்துக்கொள்ளும்போதும் ஓடும்போதும்

கடிப்பதும் தலையை மோதுவதும் பிடிவாதம் அல்ல. முதலில் உடம்பைப் பாருங்கள்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல். சொல்லத் தெரியாத பிள்ளை வலியை இப்படித்தான் சொல்லும். வலி இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள்: முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நாம் என்ன செய்தோம். பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று வெளிப்படும்: ஒரு பொருள் வேண்டும், ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், நம் கவனம் வேண்டும், அல்லது அந்த உணர்வே வேண்டும். காரணம் தெரிந்தால் அதையே கேட்க வேறு வழி கற்றுக்கொடுக்கலாம். 'போதும்' என்ற ஒரு படம் பல கடிகளைக் குறைக்கும். பிரம்பு எதையும் கற்றுக்கொடுக்காது.

ஓடிப்போகும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. தோட்டத்து வீடுகளின் அருகே குளமும் கால்வாயும் உண்டு. பிள்ளை காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும் என்று அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி வையுங்கள். கதவில் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள்.

மலாக்காவில் எந்தக் கதவைத் தட்டுவது?

ஒன்று முடிந்து அடுத்தது என்று போனால் ஆண்டுகள் ஓடிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.

கிளினிக் கெசிஹாத்தான்: பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு போக வேண்டும். அங்கிருந்து மலாக்கா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பிள்ளையிடம் நாம் பார்த்ததைத் தேதி போட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 'ஆட்டிசம்' என்று நாம் எழுதக் கூடாது. அதை மருத்துவர் சொல்வார். 'பேர் சொல்லிப் பத்து முறை கூப்பிட்டதில் ஒரு முறை திரும்பினான்' என்று எழுதுங்கள்.

சமூகநல இலாகா: 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்கீழ், மருத்துவர் உறுதிப்படுத்திய பிறகு ஓகேயு கார்டுக்குப் பதியலாம். பதிவு இலவசம். ஆட்டிசம் 'கற்றல் குறைபாடு' பிரிவில் வரும். "கார்டு எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி" என்று தயங்குவார்கள். கார்டு உதவிகளுக்கான சாவி என்று விளக்குங்கள். அதே அலுவலகத்தில் அருகிலுள்ள பிடிகே மையத்தையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மாவட்டக் கல்வி இலாகா: மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் மூன்று மாவட்டங்களிலும் உண்டு. சிறப்புக் கல்விப் பாலர்வகுப்பும், ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்ட வகுப்பும் அருகே எந்தப் பள்ளியில் இருக்கின்றன என்று கேளுங்கள். 2019 முதல் கல்வி அமைச்சு மறுப்பில்லாக் கொள்கையை அமல்படுத்தி வருகிறது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இவற்றோடு, பெற்றோரும் நிபுணர்களும் சேர்ந்து 1986-இல் உருவாக்கிய நாசோம் என்ற தேசிய ஆட்டிசச் சங்கமும் பல மாநிலங்களில் மையங்களை நடத்துகிறது.

பணத்தைப் பறிக்கும் 'மருந்துகள்' வரும். ஆட்டிசத்தை நீக்கும் மாத்திரை எதுவும் இல்லை. உடம்பிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையால் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் இறந்தே போனான். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்க வேண்டாம். நேர்த்திக்கடனும் நடக்கட்டும், கிளினிக் தேதியும் தவறாமல் இருக்கட்டும்.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

கூட்டத்தில் சொல்லாதீர்கள். தனியே, உட்கார வைத்து, முடிந்தால் அம்மா அப்பா இருவரிடமும். முதலில் பிள்ளையிடம் நீங்கள் கண்ட நல்லதைச் சொல்லுங்கள். பிறகு கண்டதை மட்டும் சொல்லுங்கள். "நீங்க வளர்த்த விதத்தால வந்தது இல்லம்மா" என்ற வாக்கியத்தை மறக்க வேண்டாம். மாமியார் குற்றம் சொல்லும் வீட்டில் அந்த அம்மாவுக்கு அது மருந்து.

"அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு டீச்சர்" என்பார்கள். வாதம் செய்யாதீர்கள். "இருக்கலாம்மா. காட்டிட்டு வந்தா நஷ்டம் இல்ல. ஒண்ணுமில்லன்னா சந்தோஷம். இருந்தா சீக்கிரம் ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லுங்கள். வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரு கடிதம், நான்கு படங்கள், அடுத்து எப்போது சந்திப்பது என்ற தேதி, மூன்றும் கையில் இருக்கட்டும்.

இறுதியாக, இந்தத் தவணையில் செய்யக்கூடிய ஒன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தம்பி தங்கைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும் ஆட்டிசம் வரலாம் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் பள்ளியில் அப்படியொரு மாணவர் இருந்தால், வீட்டில் இருக்கும் சின்னதையும் விசாரியுங்கள். மற்ற மாணவர்களின் பெற்றோரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டுல சின்னது இருக்கா? கூப்பிட்டா திரும்புதா? விரலை நீட்டிக் காட்டுதா?" ஒருவர் தயங்கினாலும் அவரோடு ஐந்து நிமிடம் கூடுதலாக உட்காருங்கள்.